சேரனை வெட்டி ஒட்டும் தோழர்களுக்கு...

முதல்லயே ஒரு டிஸ்கி. இது 'ஆட்டோகிராஃப்' எடுத்த இயக்குநர் சேரனைப் பற்றிய பதிவு இல்லை. அப்படி நினைச்சு ஆசையா வந்தவங்க இப்படியே திரும்பிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :) இது கவிஞர் சேரன் பற்றி. உருத்திரமூர்த்தி சேரன். அளவெட்டிக்காரர்.

ரெண்டாவது டிஸ்கி. இதுல உள்குத்து எதுவும் இல்லை. எல்லாம் வெளிக்குத்துதான். முதல் குத்து எனக்கே.

ஒவ்வொரு வருஷமும் மே 18 வந்தா நம்ம வட்டத்துல ஒரு வேலை தவறாம நடக்கும். கறுப்புப் பின்னணி, ஒரு மெழுகுவத்தி, அதுக்குப் பக்கத்துல சேரனோட நாலு வரி, கீழே 'ஈழக்கவி சேரன்'னு ஒரு அடிக்குறிப்பு. பின்னூட்டத்துல நாலு பேர் 'கண்ணீர்', பத்து பேர் 'மறக்க மாட்டோம்'. மே 19 காலையில அவரவர் வேலை. அடுத்த மே வரைக்கும் சேரன் யாருக்கும் தேவைப்பட மாட்டார்.

அழறது தப்புன்னு நான் சொல்லலை. நானும் அழுதிருக்கேன். என் பிரச்சினை வேற. அந்த நாலு வரியை நாம எப்படிப் பொறுக்கி எடுக்கிறோம்கிறதுதான். அந்த மனுஷன் கவிஞர் மட்டும் இல்லை. பத்திரிகையாளர். நாடகம் எழுதினவர். அப்புறம் சமூகவியல் பேராசிரியர். நாம இதுல பத்திரிகையாளரைக் கழிச்சு, நாடகக்காரரைக் கழிச்சு, மிச்சத்துலயும் நமக்கு வசதியான கண்ணீரை மட்டும் வடிகட்டி எடுத்து ஒட்டிட்டு, அதுக்குப் 'சேரன்'னு பேர் வெச்சிருக்கோம். அது சேரன் இல்லை. அது நாம.

எப்படித் தெரியும்னா, நானே செஞ்சிருக்கேன்.

கல்லூரியில மூணாவது வருஷம். செமஸ்டர் பரீட்சைக்கு நடுவுல விடுதி மெஸ் வாசல்ல நினைவேந்தலுக்கு சார்ட் ஒட்டுறதா முடிவு பண்ணோம். கையெழுத்து கொஞ்சம் நல்லா இருக்கும்கிறதால எழுதுற வேலை என் தலையில விழுந்துச்சு. சேரன் கவிதை மூணு எடுத்து வெச்சிருந்தேன். அதுல ஒண்ணு 'இராணுவ முகாமிலிருந்து கடிதங்கள்'. படிக்காதவங்களுக்காகச் சொல்றேன், அது ஒரு சிங்களச் சிப்பாய் முகாம்ல உட்கார்ந்து ஊருக்கு எழுதுற கடிதங்கள் வடிவத்துல இருக்கிற கவிதை. பேசுறது சிப்பாய். கூட இருந்த நண்பன் படிச்சுப் பார்த்துட்டு, "மச்சி, இது ஆர்மிக்காரன் பேசுற மாதிரி இருக்குடா, பார்க்கிறவன் தப்பா எடுத்துக்குவான், விட்டுடு"ன்னான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. விட்டுட்டேன். மீதி ரெண்டையும் நல்ல சிவப்பு மையில எழுதி ஒட்டினேன். போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன்.

நாலஞ்சு வருஷம் கழிச்சு, வேலையில, ஒரு ராத்திரி டிப்ளாய்மென்ட். எதிர்முனையில டொரொண்டோல இருந்து ஒரு அண்ணா. ஐம்பது தாண்டினவர், யாழ்ப்பாணத்துல பிறந்தவர். பில்டு ஓடி முடியுற வரைக்கும் சும்மா பேசிக்கிட்டிருந்தோம். பேச்சு ஊர்ப் பக்கம் போச்சு. நான் ரொம்பப் பெருமையா அந்த சார்ட் போட்டோவைத் தேடி எடுத்து அனுப்பினேன். 'பாருங்கண்ணா, நாங்க உங்களை மறக்கலை'ன்னு சொல்றதுக்காக.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"நல்லாத்தான் கிடக்கு தம்பி. எங்கட செத்தவீட்டை நீங்கள் வடிவாத்தான் செய்யிறியள். ஆனா ஆர் ஆர் செத்தவை எண்டதையும் நீங்களே முடிவு பண்ணிப் போடுறியள். என்ர அண்ணர் 86இல செத்தவர். சுட்டது ஆமி இல்லை."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம 'ஓ'ன்னேன். பில்டு முடிஞ்சிருச்சு. அவர் "சரி, செக் பண்ணுவம்"னு வேலைக்குத் திரும்பிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கலை, நானும் எடுக்கலை.

அன்னைக்கு ராத்திரிதான் நான் விட்டுட்ட அந்த மூணாவது கவிதை ஞாபகத்துக்கு வந்துச்சு. அப்புறம்தான் சேரனை ஒழுங்கா, ஒரு வரிசையில, ஆளையும் சேர்த்துப் படிக்க ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதோட விளைவு.

ஆள் யார்னு சுருக்கமா பார்த்துடுவோம்.

1960ல அளவெட்டியில பிறந்தவர். அப்பா து. உருத்திரமூர்த்தி, அதாவது 'மகாகவி'. ஈழத்து நவீன கவிதையில பெரிய பேர். சாதாரண மனுஷங்களோட பேச்சை, அன்றாடத்தை, செய்யுளுக்குள்ள கொண்டுவந்தவர். 'கோடை', 'புதியதொரு வீடு' மாதிரி பா நாடகங்கள் எழுதினவர். 1971ல இறந்துட்டார், சேரனுக்கு அப்போ 11 வயசு இருக்கும். ஆக, கவிதையும் நாடகமும் ஒரே வீட்டுச் சரக்குதான்.

1981 மே 31 ராத்திரி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வெச்சாங்க. 97,000 புத்தகங்கள்னு சொல்வாங்க. சேரனுக்கு அப்போ 21 வயசு. முதல் தொகுப்பு 'இரண்டாவது சூரிய உதயம்' 1983ல வந்துச்சு. அதே வருஷம்தான் கறுப்பு ஜூலை. 1984ல 'யமன்'. 1985ல 'மரணத்துள் வாழ்வோம்', இது 31 கவிஞர்களோட அரசியல் கவிதைகள் அடங்கின தொகை நூல். அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் மூணு பேரோட சேர்ந்து தொகுத்தவர் சேரன். 25 வயசுல!

நாம இதுவரைக்கும்தான் கதையைச் சொல்லுவோம். இதே காலத்துல அவர் பகல்ல என்ன வேலை பார்த்தார்னு கேட்க மாட்டோம். 1984ல இருந்து 1987 வரைக்கும் அவர் 'சாட்டர்டே ரிவ்யூ' பத்திரிகையில வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துல இருந்து வந்த ஆங்கில வாரப் பத்திரிகை அது. 1982ல தொடங்கினது. முதல் ஆசிரியர் எஸ். சிவநாயகம். 1983ல அரசாங்கம் அதைத் தடை பண்ணுச்சு. தடைக்கப்புறம் மறுபடி வந்தப்போ ஆசிரியரா உட்கார்ந்தவர் யார் தெரியுமா? காமினி நவரத்ன. சிங்களர்.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. 1983 ஜூலை முடிஞ்சு சாம்பல் ஆறலை. யாழ்ப்பாணத்துல, தமிழர் படுற பாட்டை உலகத்துக்கு ஆங்கிலத்துல சொல்ற பத்திரிகைக்கு ஒரு சிங்களர் ஆசிரியர். அவர் கீழே வேலை பார்க்கிற இளைஞர் சேரன். அந்த இளைஞர் ஒரு சிப்பாயை மனுஷனா உட்கார வெச்சுக் கடிதம் எழுத வைக்கிறார். நான் விடுதியில குப்பையில போட்ட கவிதை எங்கிருந்து வந்திருக்கும்னு இப்போ புரியுதா?

அந்தக் கவிதை சிப்பாய்க்கு வக்காலத்து இல்லை. சிப்பாய் செஞ்சதை அது மறைக்கவும் இல்லை. எதிரியோட வாய்க்குள்ள போய் அவன் குரல்ல பேசிக் காட்டுறது நாடகக்காரன் வேலை. திட்டுறதுக்கு யார் வேணாலும் போதும். ஊருக்கு ஏங்குற ஒருத்தன், கடிதம் எழுதத் தெரிஞ்ச ஒருத்தன், அவனே இங்க வந்து இதைச் செய்றான்னு காட்டுறப்பதான் நமக்கு உள்ள நடுங்கும். பூதம் செஞ்சா அது விதி. மனுஷன் செஞ்சா அது குற்றம். குற்றம்னாத்தான் விசாரணை கேட்க முடியும். கனடா போனப்புறம் ஆங்கிலத்துலயும் நாடகங்கள் எழுதினார், அங்கே மேடையேறியும் இருக்கு. ஆனா நாடகக்காரர் அங்க போய்ப் பிறக்கலை, 80கள்லயே கவிதைக்குள்ள இருந்தார்.

சரி, நாம எல்லாரும் அதிகமா ஒட்டுற கவிதைக்கே வருவோம். 'எல்லாவற்றையும் மறந்துவிடலாம்'. 83 ஜூலை பற்றியது. அதை எத்தனை தடவை படிச்சிருப்போம்? அதுல என்ன இருக்குன்னு சொந்த வார்த்தையில சொல்லிப் பாருங்க. 'சோகம்', 'வலி', 'இனம்'னு ஆரம்பிச்சா நீங்க கவிதையைப் படிக்கலை, போஸ்டரைப் படிச்சிருக்கீங்க. அந்தக் கவிதையில இருக்கிறது இடங்களும் பொருள்களும். காலி வீதி இருக்கு. எரிஞ்ச கார் இருக்கு. கடைசியில மலைநாட்டுப் பக்கம் வந்து, தேயிலைச் செடிகளுக்குள்ள ஒளிஞ்சிருந்து பிள்ளைகளுக்காக ஒரு தாய் ஆக்கின சோறும், அந்தப் பானையை உடைச்சதும் இருக்கு. அந்தச் சோத்துப் பானைதான் அந்தக் கவிதையில மறக்க முடியாத விஷயம்.

இது யாரோட கண்ணு? நிருபரோட கண்ணு. எந்த ரோடு, எந்த நிலையில கிடந்துச்சு, பக்கத்துல என்ன சிதறிக் கிடந்துச்சு. போய்ப் பார்த்து, குறிச்சுக்கிட்டு வர்ற ஆளோட பார்வை. 'ஐயோ என் இனமே'ன்னு ஒரு வரி எழுத எந்த ஊர்ல வேணாலும் உட்கார்ந்துக்கலாம், என்னை மாதிரி. பானையைக் கவனிக்கிறதுக்கு வேற பழக்கம் வேணும். அந்தப் பழக்கம்தான் அவரைப் பத்திரிகைக்கும் கொண்டுபோச்சுன்னு நினைக்கிறேன். நாம என்னடான்னா, பத்திரிகைக்காரரைத் தூக்கிப் போட்டுட்டு, அவர் கண்ணு பார்த்ததை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டுறோம்.

அடுத்தது 'சரிநிகர்'. இங்கதான் நம்ம ஆளுங்க கண்ணை மூடிக்குவாங்க.

1987ல சேரன் நெதர்லாந்து போய்ப் படிச்சார். திரும்பி வந்தார். இதை அடிக்கோடு போட்டுக்கோங்க. வெளிநாடு போயிட்டு, அந்தக் காலத்து இலங்கைக்குத் திரும்பி வந்தார். 1990ல கொழும்புல 'சரிநிகர்' தொடங்கினப்போ அதைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். 'இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம்' வெளியிட்ட தமிழ்ப் பத்திரிகை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்டுச்சு. தமிழ் இயக்கங்களையும் கேள்வி கேட்டுச்சு. 1993ல சேரன் கனடா போனார், யார்க் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் முடிச்சு விண்ட்சர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆனார்.

'ரெண்டு பக்கமும் கேள்வி கேட்டுச்சு'ங்கிறதை டீக்கடையில உட்கார்ந்து சொல்றது சுலபம். அந்த வருஷங்கள்ல அதுக்கு என்ன விலைன்னு பாருங்க.

1986 ஏப்ரல் கடைசியில புலிகள் டெலோ இயக்கத்துக்காரங்களைத் தேடித் தேடிக் கொன்னாங்க. தமிழர் தமிழரைத் தெருவுல. 1987 அக்டோபர் 21, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ள புகுந்து நோயாளிகள், மருத்துவர்கள், ஊழியர்கள்னு 60க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னது இந்திய ராணுவம். நம்ம ராணுவம் மக்களே, நம்ம வரிப்பணம். 1989 செப்டம்பர் 21, மருத்துவர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்துல, பல்கலைக்கழகத்துல இருந்து சைக்கிள்ல வீட்டுக்குப் போறப்போ சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லா ஆயுதக்காரங்க செஞ்சதையும் பதிவு பண்ணினதுதான் அவர் செஞ்ச தப்பு. 1990 அக்டோபர்ல வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேத்தினாங்க. யாழ்ப்பாண நகர்ல கிளம்பக் கொடுத்த நேரம் சில மணி நேரம். 1991 ஆகஸ்ட் 30, கவிஞர் செல்வியைப் புலிகள் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. நாடகம் படிச்ச பொண்ணு. 1992ல சர்வதேச பென் அமைப்பு அவருக்கு விருது கொடுத்துச்சு. வாங்க அவர் வரலை. இன்னைக்கு வரைக்கும் வரலை. 2000 அக்டோபர் 19, பிபிசிக்கும் வீரகேசரிக்கும் செய்தி கொடுத்துக்கிட்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை யாழ்ப்பாணத்துல அவர் வீட்டுலயே சுட்டாங்க. அது அரசாங்கத்தோட கட்டுப்பாட்டுப் பகுதி, ஊரடங்கு நேரம்.

இந்தத் தேதிகள்ல எத்தனை நம்ம சார்ட்டுல இருக்கு? எத்தனைக்கு நாம மெழுகுவத்தி ஏத்துறோம்? 1981 நூலகம் இருக்கு, 1983 ஜூலை இருக்கு, 2009 மே இருக்கு. இருக்கணும், கட்டாயம் இருக்கணும். நடுவுல இருபத்தாறு வருஷம் எங்கே போச்சு? அந்த இருபத்தாறு வருஷத்துலதான் டொரொண்டோ அண்ணாவோட அண்ணன் இருக்கார். செல்வி இருக்கார். பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்த முஸ்லிம் பிள்ளைங்க இருக்காங்க. நம்ம ராணுவம் சுட்ட மருத்துவர்கள் இருக்காங்க.

என் தொழில்ல ஒரு உதாரணம் சொல்றேன். சர்வர் விழுந்துடுச்சு. லாக் ஃபைலைத் திறந்து, அடுத்த டீம் பண்ணின தப்பு வர்ற வரிகளை மட்டும் வெச்சுட்டு, நம்ம டீம் பண்ணின தப்பு வர்ற வரிகளை அழிச்சுட்டு மேனேஜருக்கு அனுப்பினா என்ன ஆகும்? மீட்டிங்ல ஜெயிப்போம். சர்வர் மறுபடி விழும். அதைவிட முக்கியம், அடுத்த டீம்காரன் நாம அழிச்சதைக் கண்டுபிடிச்சுட்டான்னா, அவன் பண்ணின உண்மையான தப்பைக்கூட யாரும் நம்ப மாட்டாங்க. கொழும்பு அரசாங்கத்துக்கு நாம செஞ்சு கொடுக்கிற உதவி இதுதான். நாம மறைக்கிற ஒவ்வொரு பேரும் அவங்களுக்கு ஒரு சாக்கு.

இனி பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதிடுறேன்.

ஒண்ணு: 'கவிதைதான் காலத்துக்கும் நிக்கும். பத்திரிகை மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போற சரக்கு. ஒரு கவிஞரைக் கவிஞரா பார்த்தா என்ன?'

அப்போ பாரதியை என்ன பண்ணுவீங்க? சுதேசமித்திரன்ல உதவி ஆசிரியர். 'இந்தியா' பத்திரிகையை நடத்தினவர். அதனாலதான் 1908ல புதுச்சேரிக்கு ஓட வேண்டி வந்துச்சு. அந்தப் பத்திரிகைக்காரனைக் கழிச்சுட்டு பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டோம். இப்போ எல்லாக் கட்சிக்காரனும் பாரதியைப் பாடுறான், யாருக்கும் உறுத்துறதில்லை. சேரனுக்கும் அதேதான் நடந்துக்கிட்டிருக்கு, அதுவும் உயிரோட இருக்கிறப்பவே.

ரெண்டு: 'கனடால ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு விமர்சனம் பண்றது ஈஸி.'

இதை எழுதுற நீங்க எந்தப் பதுங்குகுழியில இருந்து எழுதுறீங்க சார்? :) அவர் 1984ல யாழ்ப்பாணத்துல பத்திரிகை வேலை பார்த்தவர். வெளிநாடு போய்த் திரும்பி வந்து கொழும்புல மறுபடி பத்திரிகைக்கு உட்கார்ந்தவர். அந்த வயசுல நானும் நீங்களும் கேம்பஸ் இன்டர்வியூக்கு டை கட்டப் பழகிக்கிட்டிருந்தோம். போகாம இருந்து செத்திருந்தா மட்டும்தான் பேச உரிமைன்னா, அது அவருக்கான அளவுகோல் இல்லை, செத்தவங்களைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாதுங்கிற அளவுகோல். செத்தவங்க பேச மாட்டாங்க. ரொம்ப வசதி.

மூணு, இதுதான் பெருசு: 'நடுநிலைங்கிற பேர்ல ரெண்டு பக்கத்தையும் சமமாக்குறது துரோகம்.'

ஒத்துக்கறேன். ரெண்டு பக்கத்தையும் சமமாக்குறது தப்புதான். ஒரு அரசாங்கம், அதோட விமானமும் பீரங்கியும், ஒரு பக்கம். 2009ல நடந்ததைப் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011ல சொன்ன அறிக்கையில 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு இருக்கு. 2012ல வந்த ஐ.நா.வோட உள் ஆய்வு அறிக்கை 70,000க்கும் மேலயும் இருக்கலாம்னு சொல்லுது. இதுக்குச் சமமா இன்னொரு தட்டுல வைக்க எதுவும் இல்லை. ஆனா சேரன் எங்கே சமமாக்கினார்? அரசாங்கம் செஞ்சதை அவர் எப்போ மென்னு முழுங்கினார்? முள்ளிவாய்க்காலுக்கு அப்புறம் 2011ல வந்த தொகுப்புக்கு அவர் வெச்ச பேர் 'காடாற்று'. பிணத்தை எரிச்சப்புறம் சுடுகாட்டுக்குப் போய்த் தணலை ஆத்தி, எலும்பு பொறுக்கி, பால் தெளிச்சுச் செய்யுற சடங்கு அது. முள்ளிவாய்க்கால்ல செத்தவங்களுக்கு அதைச் செய்ய யாரும் இல்லை, செய்ய விடவும் இல்லை. செய்ய முடியாம போன சடங்கைப் புத்தகத்துக்குப் பேரா வெச்ச ஆள் நடுநிலையாளரா? 2018ல வந்த தொகுப்போட பேர் 'அஞர்'. பழைய தமிழ்ச் சொல், துயரம்னு அர்த்தம். பத்து வருஷம் ஆகியும் அவர் அந்த இடத்தை விட்டு நகரலை.

அவர் எல்லாரையும் கேள்வி கேட்டதால தமிழர் பக்கம் நிக்கலைன்னு சொல்றது கணக்குத் தெரியாத பேச்சு. தன் பக்கத்துல நின்னுக்கிட்டே தன் பக்கத்தைக் கேள்வி கேட்கிறவன்தான் பத்திரிகையாளன். மத்தவங்களுக்கு வேற பேர், கொள்கை பரப்புச் செயலாளர்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சேரனை அரை தெய்வம் ஆக்கி ஆரத்தி எடுக்க இந்தப் பதிவு இல்லை. எனக்கு அவரோட எல்லாக் கவிதையும் பிடிக்கும்னு இல்லை. சில இடத்துல பேராசிரியர் எட்டிப் பார்க்கிறார், அப்போ எனக்குக் கொஞ்சம் அலுப்பா இருக்கும். காதல் கவிதைகளும் நிறைய எழுதியிருக்கார். அதுல சிலதை நம்ம பதிவர்கள் ஒருத்தர்கூட ஒட்டினதா ஞாபகம் இல்லை. ஈழத்துக்காரர் காதலிக்கக் கூடாதுன்னு நாம ஏதாவது சட்டம் போட்டிருக்கோமா என்ன? அவங்க நமக்காக அழுதுக்கிட்டே இருக்கணும், அப்போதான் நாம உணர்ச்சிவசப்பட முடியும். இதுவும் ஒரு விதமான சுரண்டல்தான்னு எனக்குத் தோணுது.

அதனால என்ன பண்ணலாம்கறே, அதைச் சொல்லுன்னு கேட்பீங்க. ரொம்பப் பெரிய வேலை இல்லை.

'நூலகம்' இணையத்தளத்துல ஈழத்துப் பத்திரிகைகள், புத்தகங்கள் ஆயிரக்கணக்குல வருடி வெச்சிருக்காங்க. காசு கிடையாது. 'சாட்டர்டே ரிவ்யூ' இதழ்கள் இருக்கு. 'சரிநிகர்' இதழ்கள் இருக்கு. அடுத்த தடவை சேரன் வரியை ஒட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கவிதை எழுதின காலத்து இதழ் ஒண்ணைத் திறந்து படிங்க. கட்டுரை மட்டும் இல்லை, சின்னச் செய்தி, கடிதம் எல்லாம். எரிஞ்சுபோன நூலகத்துக்கு நாம செய்யக்கூடிய மரியாதையும் அதுதான். 97,000 புத்தகம் எரிஞ்சுதுன்னு வருஷா வருஷம் எழுதுறோமே, எரியாம மிஞ்சினதுல ஒரு இதழாவது படிச்சோமா?

ரெண்டாவது, காலச்சுவடு வெளியிட்ட 'நீ இப்பொழுது இறங்கும் ஆறு' தொகுப்பை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை வரிசையா படிங்க. நமக்கு வசதியான கவிதை, வசதியில்லாத கவிதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும். வசதியில்லாததைத் தாண்டிப் போகத் தோணும். அங்கே நில்லுங்க. அதுதான் உங்க கவிதை.

மூணாவது எனக்கு மட்டும். அந்த பழைய சார்ட் போட்டோவை டொரொண்டோ அண்ணாவுக்கு மறுபடி அனுப்பப் போறதில்லை. இந்த மே மாசம் புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன், வீட்டுச் சுவத்துக்கு மட்டும். அதுல 1981ல இருந்து 2009 வரைக்கும் தேதிகள் இருக்கு, ராஜினி இருக்கார், செல்வி இருக்கார், யாழ்ப்பாண மருத்துவமனை இருக்கு, வெளியேத்தப்பட்ட முஸ்லிம்கள் இருக்காங்க, முள்ளிவாய்க்கால் இருக்கு. '1986'ன்னு எழுதி பக்கத்துல இடம் விட்டிருக்கேன். அவரோட அண்ணன் பேர் எனக்குத் தெரியாது. அன்னைக்குக் கேட்டிருக்கணும். 'ஓ'ன்னு சொல்லிட்டு பில்டைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்.

அடுத்த டிப்ளாய்மென்ட்ல கேட்பேன்.

பி.கு. 1: 'நீ எந்த இயக்கத்து ஆளு, எவ்வளவு வாங்கினே'ன்னு வர்ற அனானி பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்: மாசச் சம்பளம்தான், பிஎஃப் பிடிச்சுட்டுத்தான் தர்றாங்க.

பி.கு. 2: ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க சனி, ஞாயிறு அனுப்பவும். மத்த நாள்ல ஸ்டேண்டப் மீட்டிங் இருக்கு :)